நீங்கள் எந்தக் கல்லூரி?

தங்கையைப் பார்க்க டென்மார்க் போய், அங்கே விசில் ஊதிவிட்டுத் திரும்பியவள் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போகும்போது பெட்டியில் புளி, கறிவேப்பிலைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், தங்கைக்கு இரண்டு சுங்குடிச் சேலை. விசில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். காலமெல்லாம் உடற்கல்வி ஆசிரியையாக இருப்பவளின் கைப்பையில் சீப்பு இல்லாமல் இருக்கும், விசில் இல்லாமல் இருக்காது.

தங்கை கல்பனா இருப்பது சில்க்போர்க்கில். ஊருக்கு நடுவே ஏரி, ஏரியைச் சுற்றிக் காடு, காட்டோரமாக வீடுகள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். தெருவில் ஈ காக்கை இல்லை. "எல்லாரும் எங்கடி போயிட்டாங்க?" என்றேன். "எங்கயும் போகலக்கா, வீட்டுக்குள்ள இருக்காங்க" என்றாள். அப்படி ஓர் ஊர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரூப்ரோ என்று கறுப்பாக ஒரு ரொட்டியை அறுத்து வைத்தாள். கையில் எடுத்தால் செங்கல் கனம். அதன்மேல் வெண்ணெய், வெண்ணெய்மேல் காடியில் ஊறிய மீன். முதல் கடியில் முகம் கோணியது. மூன்றாவது துண்டுக்குள் பழகிவிட்டது. அதற்குப் பிறகு எலுமிச்சை ஊறுகாயைத் தடவிக்கொண்டேன், இன்னும் நன்றாக இருந்தது. வெளியே பார்த்தால் படுக்கப் போகும் நேரத்திலும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினேன்.

வேலை என்னைத் தேடி வந்தது மறுநாள் காலையில். கல்பனா முதியோர் இல்லம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். அதே இல்லத்தில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் பவானி, யாழ்ப்பாணத்துக்காரர், என்னைப் பார்க்கவென்று வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சிரித்த முகம், கையில் ஒரு டப்பா நிறைய மீன் கட்லெட்.

"ரீச்சர், நீங்கள் பந்துக்கு நடுவர் வேலை செய்யிறனீங்கள் எண்டு கல்பனா சொன்னவ. சனிக்கிழமை எங்கட கல்லூரிகளின்ரை போட்டி இருக்கு. வந்து ஊதித் தருவியளோ?"

"அதுக்கென்ன, வர்றேன். மாவட்ட அளவுல கைப்பந்து நடுவர் நான்" என்றேன், கொஞ்சம் மிடுக்காக.

பவானியின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, ஹான்ட்போலோ? அதுக்கு இஞ்சை டெனிஷ்காரர் தடுக்கி விழுந்தால் இருக்கினம். எங்களுக்குக் கரப்பந்துக்கு எல்லோ ஆள் வேணும்."

கல்பனாதான் நடுவில் புகுந்து, திண்டுக்கல் கைப்பந்தும் யாழ்ப்பாணத்துக் கரப்பந்தும் ஒரே வாலிபால்தான் என்று சமாதானம் செய்துவைத்தாள். பவானிக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் சொன்ன காரணம்தான் எனக்குச் சுருக்கென்றது.

"எங்கட ஆக்கள் எல்லாரும் ஏதோ ஒரு கல்லூரி, ரீச்சர். ஆரை நடுவராப் போட்டாலும் மற்றக் கல்லூரிக்காரர் சண்டைக்கு வருவினம். நீங்கள் ஒரு கல்லூரியும் இல்லைத்தானே. அதுதான் நல்லம்."

ஒரு கல்லூரியும் இல்லையா? கல்லூரியில் முதுகலைப் பட்டமே வாங்கியவளைப் பார்த்தா? "நான் கல்லூரியில படிக்கலைன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேவிட்டேன். கல்பனா என் காலை மிதித்தாள். பவானி விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. டேனிஷ் கல்லூரி, பெரிய வளாகம், இருபது வயதுப் பிள்ளைகள் என்று மனதில் ஒரு படம் போட்டுக்கொண்டு சரி என்றேன்.

போட்டியை நடத்தும் சங்கத்தின் தலைவர் பவானியின் கணவர் சிவநாதன். பிராண்டே என்ற சிறிய ஊரில், காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. அன்று அவருக்கு விடுமுறை. விதிமுறைகளைப் பேசிக்கொள்ள வரச் சொன்னார். கல்பனா போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் தெருவைப் பார்த்தேன், நிழற்குடையைப் பார்த்தேன், போய் நின்றேன், பஸ் வந்தது, ஏறினேன். ஓட்டுநருக்கு வணக்கம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். கண்டக்டர் கிடையாது, நெரிசல் கிடையாது, பாட்டுக் கிடையாது. பயணக் களைப்பு வேறு. இப்படி ஒரு பஸ்ஸில் தூங்காமல் என்ன செய்வது?

கண் விழித்தபோது கடைசி நிறுத்தம். ஓட்டுநரே வந்து தட்டி எழுப்பினார். இறங்கிப் பார்த்தால் பெயர்ப்பலகையில் விபோர்க் என்று இருக்கிறது. பிராண்டே தெற்கே, இது வடக்கே. நம் ஊர் வழக்கப்படி சாலையின் இடதுபக்கம் நின்று ஏறியிருக்கிறேன். அங்கே வண்டி வலதுபக்கம் போகிறது. அத்தனை படித்தும் இதுகூட உறைக்கவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் தமிழ் கேட்டது. "ஓம் கா, வாறன் கா, வை கா" என்று ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், தொழிற்சாலைச் சீருடை. எனக்குக் கடவுளையே கண்டது போல் இருந்தது. ஓடிப்போய் என் கதையைச் சொன்னேன். அவள் பெயர் தவராணி. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் காலை ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவள்.

"இடதுபக்கம் நிண்டீங்களா? நானும் வந்த புதுசில அப்படித்தான் ரீச்சர், ஒருநாள் கடற்கரை வரைக்கும் போயிட்டன்" என்றாள். "வாங்க, முதல் சோறு திண்டுட்டுப் பேசுவம்."

அவள் வீட்டில் குத்தரிசிச் சோறு, சுறா மீன்கறி, சுண்டல். சுண்டல் என்றதும் நான் கொண்டைக்கடலையை எதிர்பார்த்தேன். வந்தது கீரை. டேனிஷ்காரர்கள் உருளைக்கிழங்கோடு வேகவைத்துத் தின்னும் ஏதோ சுருட்டை இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கியிருந்தாள். வெட்கத்தை விட்டு மூன்றாம் முறை போட்டுக்கொண்டேன். பின்பக்கம் டம் டம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் மகள் சகானா கார் கொட்டகைச் சுவரில் வாலிபாலை அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கை, மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் தளர்வு. பழக்கதோஷம், போய்த் திருத்திவிட்டு வந்தேன்.

"சனிக்கிழமை நீங்களும் விளையாடுறீங்களா? எந்தக் கல்லூரி?" என்றேன்.

தவராணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நீங்களும் அதையே கேட்டுட்டீங்களே" என்று சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். பெரிய பள்ளிக்கூடம், பெயரெடுத்த பள்ளிக்கூடம். முதல் வகுப்பிலிருந்து பிள்ளைகள் படிப்பார்கள், ஆனாலும் கல்லூரி. டென்மார்க்கில் நடக்கும் போட்டி அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆடுவது. என் மனதில் இருந்த வளாகமும் இருபது வயதுப் பிள்ளைகளும் அந்த அடுப்படியிலேயே காலி.

"நான் மட்டக்களப்புப் பக்கம், படுவான்கரை. எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கல்லூரி எண்டும் பேரில்ல, வித்தியாலயம் எண்டும் பேரில்ல. கூழாமடு அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. எட்டாம் வகுப்போட சரி" என்றாள். கலவன் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது என்று விளக்கமும் சொன்னாள். "இந்தப் பள்ளிக்கூடத்தில படிச்ச பொம்பிளையள் விபோர்க்கிலயும் சுத்துவட்டாரத்திலயும் அஞ்சாறு பேர் இருக்கம். பிள்ளையளும் சேர்ந்து ஒரு டீம் ஆக்கிட்டம். சேர்க்கமாட்டாங்களாம். கல்லூரி இல்லையாம்."

"வேற ஏதாவது கல்லூரியோட சேர்ந்து ஆடலாமே?"

"சிவநாதன் அண்ணன் அதைத்தான் சொல்றார், எங்கட சட்டையைப் போட்டுட்டு விளையாடுங்க எண்டு. நல்ல மனுசன்தான். ஆனா ரீச்சர், நான் இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல், கலியாண வீடு, கோயில், செத்தவீடு, எங்க போனாலும் எங்கட ஆக்கள் முதல் கேக்கிறது 'நீங்கள் எந்தக் கல்லூரி?' நான் பேரைச் சொல்லுவன். 'அது எங்க இருக்கு?' எண்டு கேட்டுட்டு மற்றப் பக்கம் திரும்பிருவாங்க. அந்தப் பேரை எல்லாருக்கும் முன்னால ஒருக்காலாவது மைக்கில கூப்பிடணும். தோத்தாலும் பரவால்ல."

சகானா உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். டேனிஷில் ஏதோ சொன்னாள். "பேரில என்னம்மா இருக்கு, விளையாட விட்டாப் போதும் எண்டு சொல்றா" என்று தவராணி மொழிபெயர்த்தாள். மகளுக்கு ஆட்டம்தான் முக்கியம், தாய்க்குப் பெயர். இரண்டு பேர் மேலும் எனக்குப் பாசமாகிவிட்டது. அங்கேயே என் நடுநிலைமையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

தவராணி போனில் சொல்ல, என்னை அழைத்துப் போக சிவநாதனே காரில் வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர், மழுமழுவென்று சவரம் செய்த முகம். தவராணி கொடுத்த தேநீரைக் குடித்தார், கட்லெட் தின்றார், குசலம் விசாரித்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. கிளம்பும்போது தவராணிதான் கேட்டாள். "அண்ணன், எங்கட விசயம்?"

"வெள்ளிக்கிழமை கூட்டத்திலை பாப்பம், பிள்ளை" என்று காரில் ஏறிவிட்டார்.

வழியெல்லாம் பச்சை வயல், நடுநடுவே காற்றாலை. சிவநாதன் சங்கத்தின் வரலாற்றை ஆரம்பித்தார். கேட்க வேண்டிய கதைதான். முதன்முதலில் பிராண்டேயில் இரண்டே கல்லூரி. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்த நாலைந்து பையன்கள், சாப்பாட்டு நேரத்தில் உன் கல்லூரி பெரிதா என் கல்லூரி பெரிதா என்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாய்ச்சண்டை அலுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிப் பந்தடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்கள். தீரவில்லை. அடுத்த ஞாயிறும் ஆடினார்கள்.

"பிறகு சில்க்போர்க்கிலையிருந்து ஒரு கல்லூரி வந்தது. பிறகு இன்னும் ரெண்டு. குளிர் வந்தால் வெளியிலை விளையாடேலாது. கொம்யூனிட்டை, அதுதான் நகரசபையிட்டை, போய் ஹால் கேட்டம். சங்கமாப் பதிஞ்சால்தான் தரலாம் எண்டு சொல்லிப்போட்டினம். தலைவர், செயலாளர், யாப்பு எல்லாம் வேணுமாம். அப்ப யாப்பு எழுதினம்."

யாப்பு என்றால் எனக்கு வெண்பாதான் ஞாபகம் வரும். "பாட்டா எழுதினீங்க?" என்றேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சங்கத்தின் சட்டவிதிகளை அவர்கள் அப்படிச் சொல்வார்களாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எதை முதலில் எழுதினாய், எதைக் கடைசியில் எழுதினாய் என்று டென்மார்க்கிலிருந்து போன் வரும். சட்டையின் நிறத்தை வைத்து மஞ்சள், நீலம் என்று சொல்கிறேன். அந்த நிறங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

சங்கம் வளர்ந்தது. பெண்களுக்கு முதலில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டம் மட்டும் வைத்திருந்தார்கள். தேசிக்காய் என்பது நம் எலுமிச்சை. டென்மார்க்கில் பிறந்த பெண்பிள்ளைகள் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்களுக்கும் வலை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பிறகு ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் கோட்டோரம் விழுந்த ஒரு பந்து. உள்ளே என்றார் நடுவர். நடுவர் நீலக் கல்லூரியின் பழைய மாணவர். தோற்றது மஞ்சள். அவ்வளவுதான், சங்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரே நாளில் வேறு வேறு ஊரில் இரண்டு போட்டி, இரண்டு கோப்பை, இரண்டு இடத்திலும் ஆள் பாதி.

"அண்ணன் தம்பி கதைக்கேல்லை, ரீச்சர். சம்பந்தப் பேச்சு நிண்டது. மஞ்சள் பொடியனும் நீலப் பெட்டையும் விரும்பிக் கலியாணம் செய்துதான் திருப்பி ஒண்டாக்கினவை. சம்பந்தியானாப் பிறகு என்னெண்டு சண்டை பிடிக்கிறது? இப்ப எட்டுக் கல்லூரி. நான் மஞ்சள். அதுதான் நடுவருக்கு உங்களைப் பிடிச்சனாங்கள்."

"அப்ப ஒன்பதாவதா தவராணியையும் சேர்த்துக்கங்களேன்."

"இண்டைக்குப் பாடசாலையைச் சேர்த்தால் நாளைக்கு ரியூசன் சென்ரரிலை படிச்சவையும் வருவினம்" என்றார். அதற்குப் பிறகு பிராண்டே வரும்வரை காற்றாலைகளைப் பற்றியே பேசினார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பிராண்டேயில், விளையாட்டு மண்டபத்தின் உணவகத்தில். எட்டுத் தலைவர்கள், தவராணி, ஒரு பெரிய தட்டு நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ், நான். இருந்த பசிக்கு ரோல்ஸில் கவனமாக இருந்தேன். சிவநாதன் யாப்பை எடுத்து, 'கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகள் மட்டும்' என்ற வரியை வாசித்தார். தவராணி எழுந்து, முழுப் பெயரோடு தன் பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். ஒருவர் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொல்லி வைத்தது போல் இன்னொருவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். கையிலிருந்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"எங்கட மஞ்சள் சட்டையைப் போடுங்கோ. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார் சிவநாதன், அன்பாகத்தான்.

"மாட்டம்" என்றாள் தவராணி. "நாளைக்கு வருவம். வெள்ளைச் சட்டையோட வாசலில நிப்பம். விடுறதும் விடாததும் உங்கட விருப்பம்."

சனிக்கிழமை காலை மண்டபம் அமர்க்களப்பட்டது. எட்டு நிறத்தில் சட்டைகள், முழங்காலில் உறை மாட்டிய அப்பாக்கள், காதில் எதையோ செருகிய பிள்ளைகள், ஒரு பக்கம் பவானியின் தலைமையில் கொத்துரொட்டிக் கடை. இரும்புத் தட்டில் டக டகவென்று கொத்துகிற சத்தம் கேட்டு மண்டபக் காவலரான டேனிஷ்காரர் பயந்து ஓடிவந்தார். ஒரு தட்டுக் கொடுத்தார்கள். அவர் அப்புறம் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. சொன்னபடியே வாசலருகே வெள்ளைச் சட்டையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தவராணி, அவள் வயதில் சிலர், மற்றவர்கள் மகள்கள்.

நடுவரே பிரதம விருந்தினர் என்று சொல்லி என்னைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தேன். நான் சொல்லப்போவது சத்தியம். வேண்டுமென்று செய்யவில்லை. கல்லூரி என்றுதான் சொல்லவேண்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். எதிரே குட்டிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், என் நாக்கு முப்பது வருடப் பழக்கத்தில் போய்விட்டது.

"இங்க வந்திருக்கிற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் என்னோட வணக்கம்!"

மண்டபம் கப்பென்று அடங்கியது. "என்னது, பள்ளிக்கூடமோ?" என்று நீலச் சட்டை ஒன்று எழுந்தது. சிவநாதன் என்னிடமிருந்து மைக்கை வாங்கி, சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ரீச்சருக்கு ஒரு சின்னத் திருத்தம். கல்லூரிகள்" என்றார்.

வாசல் பக்கமிருந்து சகானா டேனிஷில் உரக்க ஏதோ சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும், மஞ்சள் நீலம் பார்க்காமல், சிரித்துக் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த சிறுமி எனக்குச் சொன்னாள்: "ரீச்சர் சொன்னதுதான் சரியாம், எல்லாமே ஸ்கோலதானாம்." ஸ்கோல என்றால் டேனிஷில் பள்ளிக்கூடம்.

"அப்பிடி இல்லை, பிள்ளை" என்றார் சிவநாதன். "பேரிலை கல்லூரி எண்டு இருக்க வேணும். அதுதான் யாப்பு."

கொத்துரொட்டிச் சத்தம் நின்றது. "இஞ்சருங்கோ" என்றார் பவானி, இரண்டு கையிலும் தகட்டுடன். "நீங்கள் படிக்கேக்கை உங்கட பள்ளிக்கூடத்துக்கு என்ன பேர்?"

அவர் வாயைத் திறக்குமுன் பவானியே சொன்னார்.

"மகா வித்தியாலயம். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டாப் பிறகுதானே அதைக் கல்லூரி ஆக்கினவை? அப்ப நீங்கள் படிச்சது கல்லூரியிலை இல்லை. போய் வாசலிலை நில்லுங்கோ!"

கூரை அதிரச் சிரித்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். சிவநாதன் மைக்கை மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். பவானியின் முகம் வாடிவிட்டது. எல்லாம் என் பாழாய்ப்போன வாயால் வந்தது. பின்னாலேயே ஓடினேன்.

கார்களுக்கு நடுவே நின்றிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு அவையிலை ஒரு வெறுப்பும் இல்லை, ரீச்சர். பயம். ஒருக்கா உடைஞ்சதைப் பாத்தனான். எத்தினை வருசம் என்ரை சொந்தத் தம்பியோடை கதைக்காமல் இருந்தனான் தெரியுமோ? ஒரு விதியிலை கை வைச்சால் இன்னொருக்கா உடைஞ்சிடுமோ எண்டு பயம். திருப்பிக் கட்ட எனக்கு இனித் தெம்பில்லை."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "சார், உடைச்சது யாரு? உள்ள இருந்தவங்கதானே? வெள்ளைச் சட்டை போட்டு வாசல்ல நிக்கிறவங்க சேரணும்னு வந்திருக்காங்க. சேர வர்றவங்கள பாத்து யாராவது பயப்படுவாங்களா? அந்தம்மா கோப்பை கேக்கல. பள்ளிக்கூடத்துப் பேரை மைக்ல சொல்லச் சொல்றாங்க, அவ்வளவுதான்" என்று பொரிந்துவிட்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், தலையை வாரினார். உள்ளே போனோம். எட்டுத் தலைவர்களையும் வலையடியில் கூப்பிட்டு நிறுத்தினார். "நானே வாசலிலை நிக்கவேண்டிய ஆள்தான். மனுசி சொல்லிப்போட்டா" என்றார். சிரிப்பு. "யாப்பை அடுத்த கூட்டத்திலை திருத்துவம். இண்டைக்கு இவை விளையாடட்டும். சம்மதம் எண்டால் கை தூக்குங்கோ." ஏழு கைகள் சட்டென்று எழுந்தன. நீலத் தலைவர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் மகள் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துத் தானே தூக்கிவிட்டாள்.

முதல் ஆட்டமே வெள்ளைக்கும் நீலத்துக்கும். நீலப் பெண்கள் கிளப்பில் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள், அடித்து நொறுக்கினார்கள். தவராணியின் பக்கத்தில் பாதிப் பேர் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டார்கள். தவராணி கீழ்க்கையால் போட்ட சர்வீஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் மூலையில் போய் விழுந்தது. சகானா தூக்கித் தூக்கி அடித்தாள், மணிக்கட்டும் சரியாகிவிட்டது. இரண்டாவது செட்டில் ஒருமுறை அவள் விரல் வலையில் பட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு நொடி மனது இடித்தது. விசிலை ஊதி, புள்ளியை நீலத்துக்குக் கொடுத்தேன். சகானா என்னைப் பார்த்து முறைத்தாள், பிறகு தானே கையை உயர்த்தி ஒப்புக்கொண்டாள். இரண்டு செட்டும் போயிற்று. கோப்பையைச் சாயங்காலம் நீலம்தான் தூக்கியது.

ஆட்டத் தொடக்கத்தில் அறிவிப்பாளராக இருந்த பையன் அவசரத்தில் "விபோர்க் டீம்" என்று மட்டும் சொல்லியிருந்தான். தவராணி பந்தை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். எனக்குத்தான் ஆறவில்லை. வலையைக் கழற்றும் வேளையில் சிவநாதன் மைக்கை வாங்கினார். முடிக்கும்போது கல்லூரிகளின் பெயரை, சேர்ந்த வரிசைப்படி தலைவர் கூப்பிடுவது அங்கே வழக்கமாம். பெயர் கேட்டதும் அந்தக் கல்லூரிக்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கோஷத்தைப் போடவேண்டும். மஞ்சள் கத்தியது, நீலம் தொண்டை கிழியக் கத்தியது. எட்டும் கத்தி முடித்தன.

சிவநாதன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். பிறகு, வானொலியில் செய்தி வாசிக்கிற கணீர்க் குரலில், ஓர் எழுத்துக் குறையாமல் கூப்பிட்டார்.

"மட்டக்களப்பு, கூழாமடு அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை!"

வெள்ளைச் சட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. அவர்களுக்குக் கோஷம் என்று ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் யார் கோஷம் எழுதிவைத்தார்கள்? மண்டபம் காத்திருந்தது. தவராணி கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக எழுந்து நின்றாள். வகுப்பில் சார் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் சொல்வார்களே, அதே ராகத்தில், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வந்திருக்கம் சேர்!"